வந்தவர் கட்டிய ஊரா?

“புதுச்சேரியைக் கட்டியவர் யார்?” என்று பள்ளிச் சிறுவனைக் கேளுங்கள். “பிரான்சுவா மார்த்தேன்” என்பான். ஆண்டு கேளுங்கள். “1674” என்பான். பிள்ளையைக் குறை கூறிப் பயனில்லை. ஏட்டிலே அப்படித்தான் அச்சிட்டிருக்கிறார்கள். கடல் இருந்தது, கலம் இருந்தது, வலை இருந்தது, தறி இருந்தது, உப்பு விளைந்தது, மக்கள் வாழ்ந்தனர். அத்தனையும் இருந்தும் ஊர் மட்டும் இல்லையாம்! கடல் கடந்து ஒருவர் வந்து கொடி நட்ட அன்றுதான் ஊர் பிறந்ததாம்!

திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் கிழக்கே, மரக்காணம் முதல் புதுச்சேரி வரை நீளும் கடற்கரை இது. இரண்டாயிரம் ஆண்டுகளாக இங்கே யாரேனும் வந்துகொண்டேயிருக்கிறார்கள். வணிகம் செய்ய வந்தவர் உண்டு, ஆள வந்தவர் உண்டு, மடம் அமைக்க வந்தவர் உண்டு, நெய்ய வந்தவர் உண்டு, புதிய உலகம் படைப்போம் என்று வந்தவரும் உண்டு. வந்தவர் ஒவ்வொருவரும் ஊரை வளர்த்ததாகவே வரலாறு எழுதப்படுகிறது. வளர்ந்தபோது ஏற்கெனவே அங்கே இருந்தவன் என்ன ஆனான் என்று கேட்கும் ஏடுகள் குறைவு. அதைத்தான் இங்கே கேட்க விரும்புகிறோம்.

முதலில் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். புதுச்சேரி: புதியதோர் சேரி. எவரோ புதிதாக வந்து குடியேறியபோது ஏற்பட்ட பெயர். அந்தப் புதியவர் பாரிசிலிருந்து வந்தவரல்லர் என்பதற்குப் பெயரே சான்று, அது தமிழ்ப்பெயர். சேரி என்ற சொல்லுக்கு அன்று இழிவு கிடையாது. சேர்ந்து வாழுமிடம் சேரி. சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் பாருங்கள். பார்ப்பனருக்கு விடப்பட்ட ஊர்களே பல சேரிகளாகப் பகுக்கப்பட்டிருந்தன. அந்தச் சொல்லைப் பிற்காலத்தில் ஊருக்கு வெளியே தள்ளினார்கள். மனிதனைத் தள்ளிய அதே கைதான் சொல்லையும் தள்ளியது. புதுச்சேரி என்ற பெயரில் மட்டும் அது பழைய மானத்தோடு நிற்கிறது.

ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் அங்கே நிலத்தைத் தோண்டினார். இத்தாலி நாட்டுச் சிவப்புப் பாண்டங்களின் ஓடுகளும், திராட்சைச் சாறு கொண்டுவந்த இருபிடிச் சாடிகளின் துண்டுகளும், மணிகளும் கிடைத்தன. உலகம் வியந்தது. வீலரின் பணி பெரும்பணிதான், மறுப்பாரில்லை. காலம் தெரிந்த ரோம ஓட்டைக் கொண்டு, காலம் தெரியாத நம் பானையின் வயதைக் கணக்கிட வழிகாட்டியவர் அவர். ஆனால், அவர் வரைந்த சித்திரத்தைச் சற்று உற்றுநோக்குங்கள். எளிய மீனவர் சிலர் வாழ்ந்த கரைக்கு யவன வணிகர் வந்தனர், பண்டகசாலை அமைத்தனர், ஊர் எழுந்தது: இதுவே அந்தச் சித்திரம். மார்த்தேன் கதையேதான், ஆண்டு மட்டும் வேறு!

1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்ற அம்மையார் அதே மேட்டை மீண்டும் ஆராய்ந்தார். ரோமச் சரக்கு வந்திறங்குவதற்கு முன்னரே அங்கே குடியிருப்பு இருந்தது என்றும், ரோம வணிகம் தேய்ந்த பின்னரும் அது தொடர்ந்தது என்றும் அந்த ஆய்வு காட்டியது. மேடு மாறவில்லை, மண் மாறவில்லை. கேள்வி மாறியது, விடையும் மாறியது.

கிறித்து பிறந்த முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளுஸ்’ என்னும் கடல்வழி நூல், இக்கரையிலே கமரா, பொதுகே, சோபட்மா என மூன்று துறைகளைச் சுட்டுகிறது. பொதுகே அரிக்கமேட்டுப் பகுதி என்பது பெரும்பாலோர் கருத்து. சோபட்மாவை மரக்காணம் என்பாரும் உண்டு. நம் பத்துப்பாட்டிலே ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடுகிறது. அவனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. அவனுடைய எயிற்பட்டினம் மரக்காணம் என்றே அறிஞர் பலர் கொள்வர். அந்தப் பட்டினத்து வழியே போகும் பாணர் கூட்டத்துக்கு வயிறார விருந்திடுவோர் யார்? அரண்மனையார் அல்லர். நுளையர் குடிப் பெண் வடித்த தேறலும், பரதவர் சுட்டுத் தந்த மீனும் அவர்களை எதிர்கொள்கின்றன என்கிறார் நத்தத்தனார். புதிதாக வந்த வழிப்போக்கனுக்கு இலை போடும் நிலையில் அன்று கடற்கரைக்காரன் இருந்தான். கொடுப்பவனாக இருந்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வந்தவரை வெறுப்பது நம் நோக்கமன்று. யாதொரு துறைமுகமும் உள்ளூர்க்காரனை மட்டும் வைத்துக்கொண்டு துறைமுகமாக இருந்ததில்லை. வந்தவன் எதைக் கொண்டுவந்தான், எதைக் கொண்டுபோனான், ஊரிலே முன்பே இருந்த உயர்வு தாழ்வைக் குறைத்தானா கூட்டினானா என்பதே நம் கேள்வி.

பிரெஞ்சுக்காரர்களிடம் இந்தக் கேள்வியை வைப்போம். பீசப்பூர் சுல்தானின் ஆளாக வலிகொண்டபுரத்தில் அமர்ந்திருந்த ஷேர்கான் லோடி இடம் கொடுத்தார், பிரெஞ்சுக் கும்பினி குடியேறியது, மார்த்தேன் பொறுப்பேற்றார். அவர்களை இங்கே இழுத்தது கடற்காற்றா? அல்ல, துணி! சுற்றுப்புறமெங்கும் தறிகள் ஓடின. நல்ல சாயம் ஏறியது. நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் துணியைக் கட்டிப்போட்டு, கப்பலேற்றி, ஐரோப்பாவில் விற்பதுதான் கும்பினியின் தொழில். ஆகவே நெசவாளரை அழைத்தார்கள், வணிகரை அழைத்தார்கள், இருவருக்கும் நடுவே பேச துபாஷிகளை அழைத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் புதுச்சேரியை நமக்குக் காட்டும் கண்ணாடி ஆனந்தரங்கர் நாட்குறிப்பு. 1736 முதல் 1761 வரை, ஆளுநர் மாளிகை முதல் சந்தைவரை நடந்ததையெல்லாம் தமிழிலே எழுதிவைத்தவர் அவர். அவரும் வந்தவரே, பிறந்தது சென்னைப் பெரம்பூரில், 1709இல். உறவினர் நைனியப்ப பிள்ளை அழைக்க, தந்தை குடும்பத்தோடு புதுச்சேரி சேர்ந்தார். அந்த நைனியப்பரோ கும்பினிக்கு வேண்டியவராய் உயர்ந்து, வேண்டாதவராகி, 1717இல் சிறையிலேயே மாண்டார். வந்தவனுக்கு வாழ்வு உண்டு, காப்பு இல்லை!

1693இல் ஒல்லாந்தர் ஊரைப் பிடித்தனர். ஆறே ஆண்டுகள் இருந்தனர். 1699இல் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பக் கொடுத்தனர். அந்தச் சிறு இடைவெளியில் அவர்கள் போட்ட திட்டமே நேர்கோட்டுத் தெருக்கள். இன்று சுற்றுலாக்காரர் படமெடுத்து மகிழும் அந்த ஒழுங்கு பிரெஞ்சு அழகென்று பெயர் பெற்றிருக்கிறது. வரைந்த கை வேறு. 1761இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கினர். 1765க்குப் பின் அதே கோடுகளின்மேல் ஊர் மீண்டும் எழுந்தது. நடுவே ஒரு வாய்க்கால். கிழக்கே, கடலை ஒட்டி, வெள்ளையர் நகரம். மேற்கே கறுப்பர் நகரம். பெயரே அப்படி, மறைத்துப் பேசும் நாகரிகம் அன்று இல்லை.

நிறத்தின் பெயரால் ஒரு வாய்க்கால் வெட்டினானே வெள்ளையன் என்று கொதிக்கிறோம். கொதிக்க வேண்டியதுதான். வாய்க்காலுக்கு மேற்கே நடந்து பாருங்கள், தோழர்களே! வைசியாள் வீதி, செட்டித் தெரு, கோமுட்டித் தெரு. அங்கே வெட்டப்பட்ட வாய்க்கால்கள் எத்தனை! அவற்றில் தண்ணீர் ஓடவில்லை, அவ்வளவே. வெள்ளையன் வெட்டியது ஒன்று. நாம் வெட்டி வைத்திருந்தவை பல. வந்தவன் அவற்றைத் தூர்க்கவில்லை. தூர்த்தால் வரி வசூலுக்கும் வணிகத்துக்கும் இடைஞ்சல் என்று கண்டுகொண்டான்.

தேவாலயத்துக்குள்ளேயே சாதிச்சுவர் இருந்தது. ஏசுவை ஏற்றபின்னும், சாதிக் கிறித்தவர் ஒருபுறம், பறையர் கிறித்தவர் மறுபுறம், நடுவே சுவர். 1745இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டதும், சாதிக் கிறித்தவர் கொதித்தெழுந்ததும் ஆனந்தரங்கர் நாட்குறிப்பில் பதிவாகியுள்ளன. தூர தேசத்து வேதத்தை உள்ளே விட்டவர்கள், பக்கத்துத் தெருக்காரனை உள்ளே விட மறுத்தார்கள்! மதம் மாறலாம், மாலை மாறலாம், மந்திரம் மாறலாம். பந்தி மட்டும் மாறக்கூடாது.

அரசாங்கமும் இதற்கு முத்திரை குத்தியது. 1819 சனவரி 6ஆம் நாள் வெளியான ஆணை, இந்தியருக்கு அவரவர் சாதி வழக்கப்படியே நீதி வழங்கப்படும் என்று உறுதி கூறியது. சமத்துவம், சுதந்திரம், சகோதரத்துவம் என்று பாரிசில் முரசு கொட்டி முப்பதாண்டு ஆகியிருந்தது. முரசொலி நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வருவதற்குள் ஓய்ந்துவிட்டது போலும்!

ஓய்ந்த முரசைத் தட்டியவர் ஒரு தமிழர். 1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் காலில் ஐரோப்பியச் செருப்பு அணிந்து நீதிமன்றத்துக்குள் நடந்தார். இந்தியன் செருப்பை வாசலிலே விட்டுவிட்டு வரவேண்டும் என்பது அங்கத்திய வழக்கம். தண்டம் விதிக்கப்பட்டது. அவர் விடவில்லை. வழக்கைப் பாரிசு உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனார், வென்றார். செருப்புக்கு இவ்வளவு வழக்கா என்று இன்று சிரிப்பவர் இருக்கலாம். தெருவில் செருப்போடு நடந்ததற்காக அடிபட்டவர்கள் இந்த நாட்டில் இருக்கும்வரை அந்தச் சிரிப்புக்கு இடமில்லை.

அவர் அத்தோடு நிற்கவில்லை. சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கும் உரிமை வேண்டும் என்றார். 1881 செப்டம்பர் 21இல் அதற்கு ஆணை பிறந்தது. துறந்தவர்கள் புதிய குடும்பப்பெயர் சூடிக்கொண்டனர். பொன்னுத்தம்பி சூடிய பெயர் லாப்போர்த். ‘வாயில்’ என்று பொருள். பொருத்தமான பெயர்! அந்த வாயில் வழியே நுழைந்தவர்களில் கிறித்தவரும் ஒடுக்கப்பட்டோரும் மிகுதி. உயர்சாதியினர் பெரும்பாலோர் நுழையவில்லை. அவர்கள் சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் அணிவகுத்து, பழைய வழக்கத்தைக் காக்கப் புறப்பட்டனர். தேர்தலையும் வாக்குச் சீட்டையும் கொண்டே காத்தனர். பல்லாண்டு புதுச்சேரி அரசியல் அவர்கள் கையில் இருந்தது. வாக்குரிமை என்ற புதுக் கருவி வந்ததும் அதைப் பழைய கை பற்றிக்கொண்டது. வந்த பொருள் எதுவாயினும் முதலில் யார் கைக்குப் போகிறது என்று பார்க்கச் சொல்கிறது இந்த ஒரு நிகழ்ச்சி. இதைப் பாடப்புத்தகத்தில் தேடிப் பாருங்கள். துய்ப்ளேக்சின் போர்கள் இருக்கும்.

ஊர் வளர்ந்தபோது உள்ளே வந்தவரைப் பற்றித்தான் பேசுகிறோம். வெளியே போனவர்? பதினெட்டாம் நூற்றாண்டில் இக்கரை மக்கள் அடிமைகளாகப் பிடிக்கப்பட்டு, இன்று மொரீசியசு என்றும் ரீயூனியன் என்றும் வழங்கும் தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டனர். 1848இல் பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்தது. கரும்புத் தோட்டம் ஒழியவில்லையே! கூலி ஒப்பந்தம் என்ற புதுப்பெயரில் அதே துறைகளிலிருந்து, புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும், ஆட்கள் போயினர். 1861இல் பிரான்சும் பிரிட்டனும் உடன்படிக்கை செய்துகொண்டு பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியிலிருந்தும் ஆள்பிடிக்க வழி திறந்தன. துறைமுகத்தின் ஏற்றுமதிக் கணக்கில் நீலத்துணி ஒரு பத்தி. மனிதன் ஒரு பத்தி. ரீயூனியனில் தமிழ்ப் பெயர் தாங்கிய குடும்பங்கள் இன்றும் உண்டு. சொந்த ஊர் வளர்ந்துகொண்டிருந்தபோது அதிலிருந்து ஏற்றி அனுப்பப்பட்டவர்களின் வழிவந்தோர் அவர்கள்.

நீலத்துணியின் கதையும் சுவையானது. புதுச்சேரியில் சாயமேற்றிய நீலத்துணி ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரைக்குப் போய், அங்கே பிசினுக்கு மாற்றாக அளக்கப்பட்டது. அந்தப் பிசின் பிரெஞ்சு நாட்டுத் துணி ஆலைகளுக்குப் போனது. முத்தியால்பேட்டைத் தறிக்காரன் செனகலைக் கண்டானா? செனகல்காரன் முத்தியால்பேட்டையைக் கண்டானா? இருவரையும் கண்டவன் நடுவே இருந்த வணிகன். கைத்தறி தந்த இலாபத்தை ஆலை விழுங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த ஆலைகள் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து ஆளை இழுத்தன. நிலமற்றவன் நகரத்தொழிலாளி ஆனான். பகல் இரவு என்றில்லாமல் வேலை. 1936 சூலை 30ஆம் நாள், உரிமை கேட்ட ஆலைத் தொழிலாளர்மீது துப்பாக்கி வெடித்தது, பன்னிருவர் மாண்டனர். அதற்குப் பின்னரே, 1937இல், எட்டுமணி நேர வேலை சட்டமாயிற்று. அந்த ஆலைகளிலே பெரியதான ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை 2020இல் மூடப்பட்டது. பன்னிருவர் குருதி சிந்திப் பெற்ற எட்டுமணி நேரம் இருக்கிறது, வேலைதான் இல்லை.

வடக்கே மரக்காணம் வேறு வழியில் மாறியது. அங்கே வந்தவன் வீடு கட்டிக் குடியேறவில்லை. கணக்குப் புத்தகத்தோடு வந்தான். 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பை அரசு தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. பாத்தி கட்டி, உவர்நீர் பாய்ச்சி, வெயிலில் காய்ந்து, காலில் புண்ணோடு உப்பு வாருபவன் இந்த ஊரான். விலை வைப்பவன் கும்பினிக்காரன். சென்னையிலிருந்து தெற்கே கடலோரமாக நீண்ட பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தில் வந்து முடிந்தது. உப்பும் விறகும் படகேறிப் போயின. தாதுவருடப் பஞ்சத்தில், 1877-78இல், சென்னை நகருக்குள் அந்தக் கால்வாயை இணைத்த பகுதியைப் பட்டினிக் கூலிகள் தோண்டினர். பெயரோ அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவுக்குப் போயிற்று! தொடர்வண்டியும் லாரியும் வந்தன, படகு நின்றது, கால்வாய் தூர்ந்தது. உப்பளம் மட்டும் இன்றும் இருக்கிறது. பழைய துறையின் பெயர் புலவர் ஏட்டில் இருக்கிறது.

இனி மயிலத்துக்கு வருவோம். கடலிலிருந்து விலகி, திண்டிவனம் – புதுச்சேரி சாலையில் நிற்கும் குன்று அது. மேலே முருகன் கோயில். அதை நடத்துவது பொம்மபுர ஆதீனம். பொம்மபுரம் எது? புதுச்சேரிக்கு வடக்கே, அலையடிக்கும் மணலில் இருக்கும் பொம்மையார்பாளையம்! குன்றின் கோயிலுக்குக் கடற்கரையூர் மடம். அந்த மடமோ வீரசைவ மடம். வீரசைவம் கன்னட நாட்டில் தழைத்த நெறி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பசவர் அங்கே சாதி வேற்றுமையை எதிர்த்து எழுப்பிய இயக்கத்தோடு பிணைந்தது. எதிர்த்து எழுந்த நெறி தெற்கே வந்தது. வந்த இடத்தில் மடமாயிற்று, ஆதீனமாயிற்று, கோயிலாயிற்று. புரட்சிகள் பலவற்றின் முதுமை இப்படித்தான் இருக்கிறது. எனினும், அந்த மடத்தின் சார்பில் மயிலத்தில் தமிழ்க்கல்லூரி ஒன்று எழுந்ததையும், நகரக் கல்லூரிக்குப் போக வழியில்லாத சிற்றூர்ப் பிள்ளைகள் அங்கே புலவர் பட்டம் பெற்றதையும் மறைப்பது நேர்மையாகாது.

ஆண்டுதோறும் மாசி மகத்தன்று மயிலம் முருகன் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் பயணம் செய்து, புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் நீராடுகிறார். வேறு ஊர்ச் சாமிகளும் அங்கே வருகின்றன. கடலில் வாழ்பவன் மீனவன். கடலுக்கு விழா எடுப்பவர் மேட்டு நிலத்தார். கரைக்காரர் வரவேற்கிறார்கள், பந்தலிடுகிறார்கள். அந்த வைத்திக்குப்பம் கரை பற்றிச் சிறிது பின்னர்ச் சொல்லவேண்டியிருக்கிறது.

1910 ஏப்ரலில் அரவிந்தர் பிரிட்டிஷாரின் கைக்கு எட்டாத இடம் தேடிப் புதுச்சேரி வந்தார்; பாரதியார் அதற்கு இரண்டாண்டு முன்பே வந்திருந்தார். அடைக்கலம் தேடிய அரசியலாருக்கு இடம் கொடுத்தது ஊர். 1926இல் ஆசிரமம் அமைந்தது. 1968 பிப்ரவரி 28இல், ஆசிரமத்து அன்னையின் திட்டப்படி, ஆரோவில் தொடங்கப்பட்டது. 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில் இட்டனர். ஐம்பதாயிரம் பேருக்கான நகரம் என்பது கனவு. அரை நூற்றாண்டு கழித்து அங்கே வாழ்வோர் மூவாயிரத்துச் சில நூறு. பெயரில் புதுச்சேரி ஒட்டிக்கொண்டாலும் நிலத்தில் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தது: இரும்பை, இடையன்சாவடி, குயிலாப்பாளையம், பொம்மையார்பாளையம் வட்டாரம்.

வந்தவர்கள் செய்த நன்மையை முதலில் சொல்லிவிடுவோம். அது மழையில் மண் அரித்துப் பள்ளம் விழுந்த செம்மண் மேடு. அவர்கள் வரப்புக் கட்டினர், மரம் நட்டனர், நீரை நிலத்தில் இறக்கினர். இன்று காடு நிற்கிறது. பாலையைக் காடாக்கியவனைப் பாராட்டாதவன் கண் கண்ணல்ல.

ஆனால், நிலத்தைப் பாருங்கள். அரித்த மேட்டுக்கு அன்று விலை இல்லை. விற்றவர்கள் பட்டா வைத்திருந்தவர்கள். மேய்ச்சலுக்கு மாடு ஓட்டியவனும், சுள்ளி பொறுக்கியவளும், பிறர் நிலத்தில் கூலிக்குக் கடலை பறித்தவளும் விற்றவர் பட்டியலில் இல்லை; விற்க அவர்களிடம் என்ன இருந்தது? பின்னர் அதே மேட்டில் விலை ஏறியது. ஏறிய விலையும் பட்டா வைத்திருந்தவனைத்தான் தேடிப் போயிற்று. நிலமற்றவனுக்கு வேலை கிடைத்தது. தோட்ட வேலை, கட்டட வேலை, வீட்டு வேலை, பட்டறை வேலை. முன்பு கிடைத்ததைவிட மேலான கூலி, ஐயமில்லை. ஆயிரக்கணக்கானோர் சுற்றூர்களிலிருந்து நாள்தோறும் அங்கே போகிறார்கள். யாருக்கும் சொந்தமில்லாத நகரம் என்பது அதன் கொள்கை. வேலைக்குப் போய் மாலை திரும்புகிறவனுக்கு, அது பிறருடைய நகரம்.

1973இல் அன்னை மறைந்தபின் வந்தவர்களுக்குள்ளேயே உரிமைச் சண்டை மூண்டது. 1980இல் மத்திய அரசு சட்டமியற்றித் தன் பொறுப்பில் எடுத்தது. அது மதத்தில் தலையீடு என்று வழக்கு. 1982இல் உச்ச நீதிமன்றம், அரவிந்தரின் போதனை மதமன்று என்று தீர்ப்பளித்தது. 1988இல் அறக்கட்டளைச் சட்டம் வந்தது. நாடாளுமன்றம், நீதிமன்றம், அமைச்சகம் எல்லாம் பேசின. இடையன்சாவடியின் ஊர்க்கூட்டம் என்ன பேசியது என்று எந்தச் சட்டத் தொகுப்பிலும் இல்லை.

1998இல் கிழக்குக் கடற்கரைச் சாலை திறந்தது. 2002இல் சுங்கம் வைத்தனர். அதுவரை சென்னைக்குத் தொலைவாக இருந்த கரை, வார இறுதிக்கு வந்துபோகும் தொலைவாயிற்று. விடுதிகள் எழுந்தன, சவுக்குத் தோப்புகள் மனைகளாயின, மதில்கள் முளைத்தன. மதில் என்பது மீனவனுக்குப் புதிய பொருள். கடற்கரை மணலுக்கு எவனும் பட்டா வாங்கியதில்லை. அது கட்டுமரம் ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம், மீன் காயும் இடம், கரைவலை இழுக்கும் இடம். எல்லாருக்கும் உரியது என்பதால் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கவில்லை என்பதால் எவருக்கும் உரியதன்று என்று ஆயிற்று! 1991இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை ஆணை, ஏற்றநீர்க் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குக் கட்டுப்பாடு விதித்தது. திருத்தம்மேல் திருத்தம் வந்து, 2019 ஆணையில் மக்கள் நெருக்கமான சிற்றூர்ப் பகுதிகளில் கட்டடத் தடைப்பகுதி 50 மீட்டராகச் சுருங்கியது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையில் எவ்வளவு தூரம் உள்ளே வந்தது என்பதைக் கண்டவர்கள் அந்த எண்ணைப் படிக்கட்டும்.

மணலைப் பற்றிச் சொல்லவேண்டும். இக்கரையில் மணல் ஓரிடத்தில் இருப்பதில்லை; நடக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி தென்திசைக் காற்றின் அலை மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் சிறிது தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கிய பயணம். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டன. மணல் அங்கே நின்றது. தெற்கே கரை பெருத்தது. வடக்கே, வரவேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது. நகரின் புகழ்பெற்ற கடற்கரை சில ஆண்டுகளில் கரைந்தது. வீதியையும் சிலைகளையும் காக்கக் கருங்கல்லைக் கொட்டினர். கல் கொட்டிய இடம் பிழைத்தது. அதற்கு அடுத்த இடம் அரித்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று கல்வரிசை நீண்டது. சாமிகள் நீராடும் கரையும் தப்பவில்லை. 2018க்குப் பின் நகரின் நடுவே கடலடியில் செயற்கைப் பாறை ஒன்றை இறக்கினர். தலைமைச் செயலகத்துக்கு எதிரே சிறிது மணல் திரும்பியது. மகிழ்ச்சிதான், அதிகாரிகள் நடைபயில இடம் கிடைத்தது.

எல்லைக்கு அப்பால் தமிழ்நாடு. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். துறைமுகம் இவர்கள் கேட்டதன்று. இதன் வருமானத்தில் இவர்களுக்குப் பங்குமில்லை. வீடுகள் கடலுக்குப் போயின. கரைவலைக்கு மணல்வெளி வேண்டும்; மணலில்லாத கரையில் கரைவலைக்காரன் வலையைச் சுருட்டிவைத்தான். கட்டுமரம் போய்க் கண்ணாடியிழைப் படகு வந்திருக்கிறது. அதற்கும் ஏற இடம் வேண்டும். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரைகடந்தது. கடலிலிருந்து விலகி நிற்கும் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவில் மழை கொட்டியது. ஏரிகளை அடுத்த மேட்டு நிலத்தார்க்கே அந்நிலை என்றால், கல்லுக்கும் அலைக்கும் நடுவே குடிசை வைத்திருப்பவன் நிலையைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மீனவர்கள் தூண்டில் வளைவு கேட்கிறார்கள். கடலுக்குள் கல்லை நீட்டி, நடக்கும் மணலைப் பிடித்துவைக்கும் அமைப்பு அது. கேட்பது நியாயம், வீட்டு வாசலில் அலை அடிக்கும்போது வேறு எதைக் கேட்பது? ஆனால் மணலின் கணக்கு மாறுவதில்லை. தந்திராயன்குப்பத்தில் பிடித்த மணல் பொம்மையார்பாளையத்துக்குப் போகாது. பொம்மையார்பாளையத்தில் பிடித்தால் பிள்ளைச்சாவடி அரிக்கும். அங்கும் கட்டினால், அதற்கு வடக்கே காலாப்பட்டு. ஒவ்வொரு குப்பமும் தனக்கு வடக்கே உள்ள குப்பத்தின் மணலைப் பிடித்துக்கொண்டே போனால், கடைசியில் நிற்பது எயிற்பட்டினத்துக் கரை.